ராப்பட்டினியும் ஒரு மஞ்சள் என்ஸைமும்

கோடை பிறந்தால் டில்லியிலும் பாட்னாவிலும் கொல்கத்தாவிலும் தள்ளுவண்டிகளில் லிச்சிப் பழம் குவிந்துவிடும். தென்னாட்டிலிருந்து போய்க் குடியேறியவர்களுக்கு முதல் கோடையில் அது புதுப் பழம்; அடுத்த கோடைக்குள் வீட்டுக் குழந்தைகள் கேட்டு வாங்கும் பழம். சொரசொரப்பான சிவந்த தோலை உரித்தால் உள்ளே நுங்கைப் போல வெளுத்த சதை. வாயில் போட்டால் இனிப்பான சாறு. பீகார் மாநிலத்து முசாபர்பூர் இந்தப் பழத்துக்குப் பெயர்போன ஊர். அங்கு விளையும் 'ஷாஹி' லிச்சிக்கு 2018-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அதே முசாபர்பூரில், லிச்சி பழுக்கும் மே, ஜூன் மாதங்கள்தாம் ஏழைத் தாய்மார்கள் அஞ்சும் மாதங்களாகவும் இருந்து வந்திருக்கின்றன. 1995 முதல் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு விபரீத நோய் கோடையில் தலைகாட்டத் தொடங்கியது. மாலை வரை ஓடியாடி விளையாடிய குழந்தை இரவில் படுத்துத் தூங்கும். விடியற்காலையில் திடீரென்று அலறும், கைகால்கள் வெட்டி இழுக்கும், நினைவு தப்பும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பல குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. ஊர்மக்கள் இதற்கு வைத்த பெயர் 'சம்கி புகார்'. புகார் என்றால் காய்ச்சல். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சலே இல்லை.

கொசு பரப்பும் மூளைக் காய்ச்சலோ, வெயில் தாக்கமோ, பூச்சிமருந்தோ என்று பலவாறாகச் சந்தேகித்தார்கள். கிருமியைத் தேடித் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை. நோயாளிகளில் 2013-ல் நூற்றுக்கு 44 பேர் இறந்தார்கள்.

இந்தப் புதிரின் விடை முசாபர்பூரின் தோப்புகளில் பாதியும், வெகுதூரத்து ஆராய்ச்சிச் சாலைகளில் பாதியுமாகக் கிடந்தது. அந்த ஆராய்ச்சிச் சாலைகளில் மனித உடலின் ஓர் என்ஸைமை, மனித உடலைத் தொடாமலே, பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்துப் பரிசோதித்து வந்தார்கள். கொழுப்பை எரித்துச் சக்தியாக்கும் என்ஸைம் அது.

சர்க்கரை குறைந்த ரத்தம்

2014-ம் ஆண்டு இந்திய தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து முசாபர்பூரில் விரிவான ஆய்வு நடத்தின. மே 26 முதல் ஜூலை 17 வரை அங்குள்ள இரண்டு ஆஸ்பத்திரிகளில் 390 பேர் இந்நோயுடன் சேர்க்கப்பட்டார்கள். 122 பேர் இறந்தார்கள். நோயுற்ற 104 குழந்தைகளையும், அவர்களோடு ஒப்பிடுவதற்கு வேறு 104 குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு, என்ன தின்றார்கள், எங்கே போனார்கள், எப்போது சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். முடிவுகள் 2017-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' என்ற மருத்துவ ஏட்டில் வெளியாயின.

ஆய்வில் மூன்று விஷயங்கள் தெளிவாயின. முதலாவது, ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பெரும்பாலான குழந்தைகளின் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்து கிடந்தது. இரண்டாவது, நோய் கண்டதற்கு முந்திய 24 மணி நேரத்தில் லிச்சி தின்றிருப்பது நோயோடு மிக வலுவாகத் தொடர்புபட்டிருந்தது. மூன்றாவது, இரவுச் சாப்பாடு சாப்பிடாமல் படுத்திருப்பதும் அவ்வாறே தொடர்புபட்டிருந்தது. பகலெல்லாம் தோப்பில் உதிர்ந்து கிடந்த பழத்தையும் காயையும் தின்று வயிறு நிரம்பியதாக நினைத்துக்கொண்டு, வீட்டில் கஞ்சியோ ரொட்டியோ சாப்பிடாமல் தூங்கிவிட்ட குழந்தைகளே அதிகம் பாதிக்கப்பட்டவர்கள்.

இந்த வழியைச் சுட்டிக் காட்டியவர்களில் ஒருவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் இயல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றிருந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான். வைரஸையே வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த அவர், இது வைரஸ் நோய் அல்ல, நச்சுப் பொருளால் வருவதாக இருக்கலாம் என்று டாக்டர் முகுல் தாஸுடன் சேர்ந்து 2014-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்.

ஆனால் லிச்சியைக் கோடிக்கணக்கானவர்கள் தின்கிறார்கள். வயிறாரச் சாப்பிடும் வீட்டுக் குழந்தை கிண்ணம் நிறையத் தின்றாலும் ஒன்றும் ஆவதில்லை. பட்டினியாகப் படுத்த குழந்தையை மட்டும் அது வீழ்த்துவானேன்? அதை அறிய, இரவில் உடல் எதை எரித்து உயிர் காக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

இரவு நேரத்து அடுப்பு

பகலில் உண்ட சோற்றிலிருந்து வரும் சர்க்கரையில் ஒரு பகுதியைக் கல்லீரல் 'கிளைக்கோஜன்' என்ற மாவுப்பொருளாகச் சேமித்து வைக்கிறது. இரவில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து ரத்தத்தில் விடுகிறது. வளர்ந்தவருக்கு இந்தச் சேமிப்பு ஓரிரவுக்குத் தாராளமாகப் போதும். சிறு குழந்தைக்கு, அதிலும் சத்துணவில்லாத குழந்தைக்கு, விடிவதற்குள் அது தீர்ந்துபோகும்.

தீர்ந்ததும் உடல் கொழுப்பை எடுத்து எரிக்கத் தொடங்குகிறது. அந்த அடுப்பு உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய பைகள். கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. இந்தச் சங்கிலி எப்படி அறுபடுகிறது என்பதை 1904-ல் ஜெர்மானிய விஞ்ஞானி பிரான்ஸ் நூப் கண்டறிந்தார். கொழுப்பு அமிலத்தின் நுனியில், உடலால் எரிக்க முடியாத ஒரு ரசாயன வளையத்தை அடையாளமாகக் கட்டி நாய்களுக்குக் கொடுத்து, அவற்றின் சிறுநீரைச் சோதித்தார். சங்கிலி ஒவ்வொன்றாக அல்ல, இரண்டிரண்டு கார்பனாக வெட்டுப்படுகிறது என்று தெரிந்தது. 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் இந்த வேலை நடக்குமிடம் மைட்டோகாண்ட்ரியாவே என்று நிரூபித்தார்கள்.

உதாரணமாகப் பனை எண்ணெயில் மிகுதியாக உள்ள பால்மிட்டிக் அமிலத்தில் 16 கார்பன்கள். ஏழு முறை வெட்டினால் எட்டுத் துண்டுகள். ஒவ்வொரு வெட்டுக்கும் நான்கு படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு தனி என்ஸைம். நம் பாடநூல்கள் நொதி என்று சொல்வது இதைத்தான். முதல் படியைச் செய்யும் என்ஸைம்கள் சங்கிலியின் நீளத்துக்குத் தக்கபடி வேறுபடும். நீண்ட சங்கிலிக்கு ஒன்று, குட்டைச் சங்கிலிக்கு ஒன்று, நடுத்தரச் சங்கிலிக்கு ஒன்று. இந்த நடுத்தர என்ஸைமின் பெயர் 'மீடியம்-செயின் அசைல்-கோ-ஏ டிஹைட்ரோஜினேஸ்'. வாயில் நுழையாத பெயராதலால் ஆராய்ச்சியாளர்களும் சுருக்கமாக எம்.சி.ஏ.டி. என்றே அழைக்கிறார்கள். எட்டுக் கார்பன் நீளமுள்ள சங்கிலிதான் இதற்கு மிகவும் உகந்தது.

கொழுப்பு எரிவதால் இரண்டு லாபம். கல்லீரல் அந்தச் சக்தியைக் கொண்டு புதிய சர்க்கரையைச் செய்து ரத்தத்துக்கு அனுப்புகிறது. மேலும், கொழுப்பின் துண்டுகளிலிருந்து 'கீட்டோன்' என்னும் பொருளைத் தயாரித்து, சர்க்கரை குறைந்த வேளையில் மூளைக்கு மாற்று உணவாகக் கொடுக்கிறது. இந்த அடுப்பு நின்றுவிட்டால் சர்க்கரையும் இல்லை, கீட்டோனும் இல்லை. மூளை பட்டினியாகிறது. வலிப்பு வருகிறது, நினைவு தப்புகிறது. நேரம் விடியற்காலை.

பிறவியிலேயே குறை

லிச்சியைக் கண்ணால் காணாத குழந்தைகளும் இதே விதமாக மயங்கி விழுவதை மேல்நாட்டு டாக்டர்கள் கண்டிருந்தார்கள். நன்றாக வளர்ந்து வந்த குழந்தைக்கு ஒருநாள் சளி, காய்ச்சல் அல்லது வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை, மறுநாள் காலை எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. தொட்டிலில் காரணம் தெரியாமல் நேர்ந்த மரணம் என்று சிலரது கதை முடிந்தது. 1982, 83-ம் ஆண்டுகளில் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அக்குழந்தைகளின் உடலில் எம்.சி.ஏ.டி. என்ஸைம் வேலை செய்யவில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. எனவே பெற்றோர் இருவரும் ஆரோக்கியமாக இருப்பார்கள். நோய் ஒளிந்திருப்பது யாருக்கும் தெரியாது.

பழுது எங்கே என்று பார்க்க வேண்டுமானால் அந்த என்ஸைம் கையில் இருக்க வேண்டும். அதுவரை பன்றியின் சிறுநீரகம், கல்லீரல் இவற்றை அரைத்து, பல நாள் வடித்தெடுத்துத்தான் ஆராய்ந்து வந்தார்கள். மனிதக் கல்லீரலை அவ்வாறு கேட்டுப் பெற முடியுமா? அதிலும் நோயுற்ற குழந்தையின் ஈரலை? பழுதுபட்ட என்ஸைமோ உடலில் உருவானதும் சிதைந்துபோகிறது. எடுத்துப் பார்க்கவே அகப்படாது.

பாக்டீரியா செய்து கொடுத்தது

இன்சுலின் விஷயத்தில் இந்தச் சங்கடத்துக்கு ஏற்கெனவே வழி பிறந்திருந்தது. மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து எடுத்து வந்த இன்சுலினை, மனித மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்தி அதையே தயாரிக்கச் செய்தார்கள். 1982-ல் அந்த மனித இன்சுலின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. எம்.சி.ஏ.டி. என்ஸைமுக்கும் அதே வழி கைகொடுத்தது. 1987-ல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் மரபணுச் செய்தியை முழுவதும் படித்தார்கள். 1990-ல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் சாண்ட்ரோ கிஸ்லாவின் குழு, செயின்ட் லூயிஸ் குழுவுடன் சேர்ந்து, மனித எம்.சி.ஏ.டி. என்ஸைமை 'ஈ-கோலி' பாக்டீரியாவில் தயாரித்து ஆராய்ந்து வெளியிட்டது.

இன்று இதைச் செய்யும் முறை பல ஆராய்ச்சிச் சாலைகளில் அன்றாட வேலையாகிவிட்டது. மரபணுச் செய்தியை ஒரு சிறிய டி.என்.ஏ. வளையத்தில் இணைத்து ஈ-கோலியில் புகுத்துகிறார்கள். உடலில் இந்தப் புரதத்தின் தலைப்பில் 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு விலாசச் சீட்டு இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் அது கிழிக்கப்படும். பாக்டீரியாவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. ஆகையால் சீட்டை முன்பே நீக்கி, மீதி 396 அமினோ அமிலங்களுக்கான செய்தியை மட்டும் கொடுக்கிறார்கள். சத்துநீரில் பாக்டீரியா பெருகியதும் சர்க்கரையைப் போன்ற ஒரு ரசாயனத்தைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அதுவே உற்பத்தியைத் தொடங்கச் சொல்லும் கட்டளை. பிறகு பாக்டீரியாவை உடைத்து, தேவையான புரதத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கென்று புரதத்தின் ஒரு நுனியில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் ஆறைச் சேர்த்து வைப்பது இப்போதைய வழக்கம். ஹிஸ்டிடின் நிக்கல் உலோகத்தோடு ஒட்டும். நிக்கல் ஏற்றிய மணிகள் நிரம்பிய குழாய் வழியே கரைசலை ஊற்றினால், வேண்டியது ஒட்டிக்கொள்ளும், வேண்டாதது வடிந்துபோகும்.

கடைசியில் கிடைக்கும் கரைசல் மஞ்சளாக இருக்கும். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே, அதே காரணந்தான். அந்த மாத்திரையிலுள்ள பி-2 விட்டமினிலிருந்து பிறந்த எஃப்.ஏ.டி. என்ற பொருள் இந்த என்ஸைமின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நான்கு புரத உருப்படிகள் சேர்ந்தது ஒரு முழு என்ஸைம். உருப்படிக்கு ஓர் எஃப்.ஏ.டி.

என்ஸைம் உயிர்ப்போடு இருக்கிறதா என்று பார்ப்பதும் எளிதுதான். எட்டுக் கார்பன் கொழுப்பைக் கொடுத்தால் என்ஸைம் அதிலிருந்து இரண்டு ஹைட்ரஜன்களைப் பறித்து எஃப்.ஏ.டி.யிடம் ஒப்படைக்கும். உடலில் அங்கிருந்து அவை அடுத்த புரதத்துக்குப் போகும். கண்ணாடிக் குழாயில் அடுத்த புரதத்துக்குப் பதிலாக நீலச் சாயம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். என்ஸைம் வேலை செய்தால் நீலம் வெளுத்துப் போகும். எவ்வளவு வேகமாக வெளுக்கிறதோ அவ்வளவு சுறுசுறுப்பு.

ஓர் எழுத்துப் பிழை

பாக்டீரியா தயாரித்த என்ஸைமின் பெரிய வசதி, விரும்பிய இடத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றிப் பார்க்கலாம் என்பது. கிஸ்லாவின் குழு 376-ம் இடத்திலுள்ள குளூட்டாமிக் அமிலத்தை மாற்றிப் பார்த்தபோது என்ஸைமின் வேலை அநேகமாக முற்றிலும் நின்றுவிட்டது. ஹைட்ரஜனைப் பிடித்து இழுக்கும் கை அதுவே என்று புரிந்தது. 1993-ல் மில்வாக்கி நகரில் ஜங்-ஜா கிம் குழுவினர், பன்றி ஈரலின் எம்.சி.ஏ.டி. என்ஸைமைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரால் படமெடுத்து, அந்தக் கை இருக்கும் இடத்தைக் காட்டினார்கள்.

நோயுற்ற குழந்தைகளின் பிழை எது என்பதும் 1990-லேயே வெளிப்பட்டது. பல குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டது ஒரே பிழைதான். மரபணுவின் 985-ம் எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தின் 304-ம் இடத்தில் லைசினுக்குப் பதில் குளூட்டாமிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஐரோப்பிய வம்சாவளியில் நோய் வெளிப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு இரு பெற்றோரிடமிருந்தும் வந்தது இந்தப் பிழையே.

ஆனால் 304-ம் இடம் ஹைட்ரஜனைப் பறிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இல்லை. அப்படியிருக்க அங்கே ஏற்படும் மாறுதல் என்ஸைமை ஏன் முடக்க வேண்டும்? டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் நீல்ஸ் கிரெகர்சன், பீட்டர் பிராஸ் முதலிய ஆய்வாளர்கள் பிழையுள்ள மனித என்ஸைமைப் பாக்டீரியாவில் தயாரித்துப் பார்த்தார்கள். மிகக் கொஞ்சமே தேறியது. புரதங்கள் சரியாக மடிவதற்கு உதவும் துணைப் புரதங்களை அதே பாக்டீரியாவில் அதிகமாக உண்டாக்கியபோது கூடுதலான என்ஸைம் உருப்பெற்று வந்தது. ஆக, இந்தக் கத்திக்கு முனை மழுங்கவில்லை. உலையிலேயே வடிவம் கூடிவரவில்லை. மடிப்பதற்கும் நான்கு உருப்படிகளாகச் சேர்வதற்கும் அந்த 304-ம் இடம் முக்கியம். பிழையுள்ள என்ஸைம் சாதாரண என்ஸைமைப் போலச் சூட்டைத் தாங்குவதுமில்லை. காய்ச்சலும் பட்டினியும் சேர்ந்த இரவில் இக்குழந்தைகள் ஆபத்துக்குள்ளாவது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள இந்தச் சோதனைகளும் உதவுகின்றன.

இந்த அறிவால் விளைந்த பலன் கண்கூடானது. எம்.சி.ஏ.டி. வேலை செய்யாத குழந்தையின் ரத்தத்தில் எட்டுக் கார்பன் கொழுப்பின் ஒரு வடிவம் தேங்கி நிற்கும். பிறந்த சில நாளில் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் காகித அட்டையில் எடுத்து, கருவியில் வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இந்தச் சோதனை செய்யப்படுகிறது. இங்கிலாந்து முழுவதும் 2009-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இந்தப் பிறவிக் குறை அரிதாகவே காணப்படுகிறது. எல்லாக் குழந்தைகளுக்குமான தேசியச் சோதனைத் திட்டம் எதுவும் இல்லை. பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் மட்டும் இந்தச் சோதனை செய்யப்படுகிறது.

கண்டுபிடித்த பின் சிகிச்சை என்ன? பாக்டீரியா தயாரித்த என்ஸைமை ஊசியில் ஏற்றிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அது முடியாது. ரத்தத்தில் விட்ட என்ஸைம் ஈரல் அணுவுக்குள் நுழைந்து, மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறைக்குப் போய்ச் சேர வழியில்லை. சின்னஞ்சிறு குப்பிகளில் விற்கப்படும் மனித எம்.சி.ஏ.டி. ஆராய்ச்சிக்கு மட்டுமே உரியது, மருந்தல்ல. இக்குழந்தைகளுக்கு மருந்து வேளாவேளைக்குச் சாப்பாடு. நீண்ட நேரம் வயிற்றைக் காயவிடக் கூடாது. காய்ச்சல், வாந்தி என்றால் உடனே சர்க்கரை நீர். உள்ளே தங்கவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ். இவ்வளவுதான். இதை முன்கூட்டியே அறிந்த குழந்தைகளில் பெரும்பாலோர் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து பெரியவர்களாகிறார்கள்.

ஜமைக்காவிலிருந்து முசாபர்பூருக்கு

இனி லிச்சிக்குத் திரும்பலாம். மேற்கிந்தியத் தீவான ஜமைக்காவில் 'ஆக்கி' என்றொரு பழம் உண்டு. முற்றாத ஆக்கியைத் தின்றவர்கள் ஓயாமல் வாந்தியெடுத்து, ரத்தத்தில் சர்க்கரை வற்றி இறந்துபோவது அங்கு நெடுங்கால அனுபவம். 1950-களில் அதிலிருந்து ஹைப்போகிளைசின் என்ற நச்சைப் பிரித்தெடுத்தார்கள். 1976-ல் கே டனகா என்ற விஞ்ஞானியும் ஜமைக்கா ஆய்வாளர்களும் நோயாளிகளின் சிறுநீரைச் சோதித்து, கொழுப்பு எரிவது தடைப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். 1981-ல் கிஸ்லாவும் அவருடைய சகாக்களும் பன்றிச் சிறுநீரகத்து எம்.சி.ஏ.டி. என்ஸைமை வைத்துத் தடையின் ரகசியத்தைக் கண்டார்கள். உடலுக்குள் போன ஹைப்போகிளைசின் ஒரு பொய்க் கொழுப்பாக மாறுகிறது. என்ஸைம் அதை உண்மைக் கொழுப்பு என்று நம்பி வேலையைத் தொடங்குகிறது. பாதியில் அந்தப் பொய்க் கொழுப்பு எஃப்.ஏ.டி.யோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்கிறது. தன் வேலையாலேயே என்ஸைம் தன்னை மாய்த்துக்கொள்கிறது.

நச்சுப் பழத்தை ஆராய்ந்த அதே டனகாவும் அதே கிஸ்லாவும், பிறகு 1990-ல் பிறவிக் குறையின் மரபணுப் பிழையைக் கண்டவர்களிலும், மனித என்ஸைமைப் பாக்டீரியாவில் தயாரித்தவர்களிலும் இருந்தார்கள். வெவ்வேறாகத் தோன்றிய இரு நோய்களுக்கும் இலக்கு ஒன்றே.

லிச்சி ஆக்கிக்கு உறவு. இரண்டும் நம் ஊர்ப் பூந்திக்கொட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஹைப்போகிளைசினுக்குத் தங்கையென்று சொல்லத்தக்க எம்.சி.பி.ஜி. என்ற நச்சு லிச்சி விதையில் இருப்பதை 1962-லேயே பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார்கள். கொழுப்பை வெட்டும் நான்கு படிகளில் அது அடுத்த படியின் என்ஸைமைத் தாக்குகிறது. முசாபர்பூர் ஆய்வில், தின்னும் சதையிலேயே இரு நச்சுகளும் இருப்பது அளந்து பார்க்கப்பட்டது. நோயுற்ற குழந்தைகளில் 73 பேரின் சிறுநீரைச் சோதித்ததில் 48 பேருக்கு இந்த நச்சுகளின் அடையாளம் இருந்தது; ஒப்பிடச் சோதித்த 15 குழந்தைகளில் ஒருவருக்கும் இல்லை. கொழுப்பு எரியாமல் தேங்கியதற்கான அடையாளம், சோதித்த 80 குழந்தைகளில் 72 பேரின் ரத்தத்தில் இருந்தது. பிறவியிலேயே என்ஸைம் இல்லாத குழந்தைகளைக் கண்டுபிடிக்க உதவும் அதே வகை ரத்தச் சோதனைதான் இங்கும் கைகொடுத்தது.

வயிறு நிறைந்த குழந்தைக்குக் கொழுப்பு அடுப்பு ஓரிரவு அணைந்தாலும் மோசமில்லை. கல்லீரலில் கிளைக்கோஜன் இருக்கிறது. சேமிப்பு இல்லாத குழந்தைக்கு அந்த ஓர் அடுப்புதான் கதி. லிச்சி அதைத்தான் அணைக்கிறது.

லிச்சி ஒன்றே காரணம் என்று எல்லாரும் ஒப்புவதில்லை. கடும் வெப்பத்துக்கும் பங்குண்டு என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் சத்துக் குறைந்த ஏழைக் குழந்தைகளே என்பதில் வாதமில்லை.

கண்டுபிடிப்பு வெளியானபின் தரப்பட்ட யோசனைகள் மிகச் சாதாரணமானவை. குழந்தைகள் லிச்சி தின்பதைக் குறைக்க வேண்டும். எந்தக் குழந்தையும் இரவு சாப்பிடாமல் படுக்கக் கூடாது. வலிப்போடு வரும் குழந்தைக்கு முதல் வேலையாக ரத்தச் சர்க்கரையைப் பார்த்து, குறைந்திருந்தால் தாமதமின்றிக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். இவற்றைக் கிராமங்களில் சொல்லிப் பரப்பிய ஆண்டுகளில் நோய் தணிந்திருந்தது. 2019-ல் கடும் வெயிலில் மறுபடி சீறி எழுந்து, பீகாரில் நூற்றுக்கும் அதிகமான குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. சொன்னால் மட்டும் போதவில்லை. சொன்னபடி செய்ய வீட்டில் மாலையில் உலை ஏற வேண்டும்.

'ராப்பட்டினி பாயோடே' என்பது தமிழ்ப் பழமொழி. இரவில் பட்டினி கிடந்தவன் காலையில் பாயைவிட்டு எழுந்திருக்க மாட்டான் என்று பெரியவர்கள் அனுபவத்தால் சொன்னார்கள். விளையாடிக் களைத்துச் சாப்பிடாமல் தூங்கிப்போன பிள்ளையை உலுக்கி எழுப்பி, அரைத் தூக்கத்தில் நாலு கவளம் ஊட்டிவிட்டுப் படுக்க வைக்கும் பாட்டிக்கு மைட்டோகாண்ட்ரியாவும் தெரியாது, எம்.சி.ஏ.டி.யும் தெரியாது. ஆனால் முசாபர்பூர் ஆய்வாளர்கள் எழுதிய யோசனையும் அதுவேதான்.

லிச்சி வாங்கக் கூடாது என்பதில்லை. நன்றாகப் பழுத்ததைப் பார்த்து வாங்கி, குழந்தை சாப்பிட்ட பிறகு நாலைந்து கொடுத்தால் பயமில்லை. வெறும் வயிற்றில் வேண்டாம், காயும் வேண்டாம். கோடை விடுமுறையில் தோட்டந்துரவுக்குப் போய் வந்த குழந்தை 'பசியில்லை' என்று படுக்கப் போனால், அந்த ஓர் இரவு மட்டும் அதன் பேச்சைக் கேட்காமலிருப்பது நல்லது.